கேமராவை இன்னொருவர் கையில் கொடுத்தவர்

1963இல் வந்த 'லெ மெப்ரி' என்ற பிரெஞ்சுப் படத்தின் தொடக்கம் கொஞ்சம் விசித்திரமானது. நடிகர்கள், கலைஞர்கள் பெயரெல்லாம் எழுத்தில் ஓடாது. ஒரு குரல் அவற்றை வாசிக்கும். திரையில் தூரத்தில் ஒரு தண்டவாளம், அதன்மேல் ஒரு ட்ராலி, ட்ராலியில் பெரிய கேமரா, கேமராவுக்குப் பின்னால் ஓர் ஆள். புத்தகம் வாசித்தபடி நடந்துவரும் ஒரு பெண்ணைப் படம்பிடித்துக்கொண்டே அவர் நம் பக்கம் வருகிறார். மிக அருகில் வந்ததும் கேமராவை நம் பக்கம் திருப்பி, கீழே சாய்த்து, லென்ஸ் வழியாக நம்மையே பார்க்கிறார். வாசிக்கும் குரல் இயக்குநர் ழான் லுக் கோதாருடையது. ட்ராலியில் வருபவர்தான் அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர், ரவூல் கூத்தார்.

பிரெஞ்சில் அவர் பெயரின் கடைசி எழுத்து ஒலிக்காது. அதனால் தமிழில் எழுதும்போது நம்ம ஊர்த் தெருக்கூத்துக் கலைஞர் ஒருவரின் பெயர்போல ஆகிவிடுகிறது. எனக்கு அது பிடித்தும் இருக்கிறது.

ஒளிப்பதிவாளர் ஒருவர் இயக்குநரானால் என்ன நடக்கிறது? கூத்தாரின் கதையை வைத்து இதைப் புரிந்துகொள்வது சுலபம். அதற்கு முன் இந்த இரண்டு வேலைகளுக்கும் என்ன வித்தியாசம் என்பதைப் பார்த்துவிடுவோம்.

ஒளிப்பதிவாளர் என்றால் கேமரா பிடிப்பவர் என்று பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். அது பாதிதான் சரி. பிரான்சில் வழக்கமாக, கேமராவை இயக்குபவர் ஒருவர், ஒளியைத் தீர்மானிப்பவர் இன்னொருவர். இரண்டாமவர்தான் தலைமை ஒளிப்பதிவாளர். அவர் கேமராவைத் தொடாமலே ஒரு படத்தை முடித்துவிடலாம். (கூத்தார் அந்த ரகமில்லை. பல படங்களில் தானே கேமராவைத் தூக்கியவர்.)

ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து கடிதம் படிக்கிறாள். கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதை நமக்குக் காட்டலாமா, அவள் அழுவாளா, பாதியிலேயே எழுந்து போய்விடுவாளா, இந்தக் காட்சி படத்தின் முதலில் வருமா கடைசியிலா என்பதெல்லாம் இயக்குநரின் கவலை. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழும், முகத்தில் பாதி இருட்டாக இருக்கட்டுமா, எந்த லென்ஸ், காலை பத்து மணிக்கு எடுத்த ஷாட்டும் மாலை நான்கு மணிக்கு எடுத்த ஷாட்டும் ஒரே நேரத்தில் நடப்பதுபோல ஒட்டுமா என்பதெல்லாம் ஒளிப்பதிவாளரின் கவலை.

ஃபிலிம் காலத்தில் இவர்கள் இருவருக்கும் இடையில் ஒரு விசித்திரமான உறவு இருந்தது. இப்போதுபோல மானிட்டர் கிடையாது. ஷாட் ஓடும்போது அது சட்டகத்துக்குள் எப்படி இருக்கிறது என்பது கேமராவில் கண் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். 'கட்' சொன்னதும் இயக்குநர் அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார். படத்தின் முதல் பார்வையாளர் அவர்தான். இருபது முப்பது படங்களுக்கு இப்படி முதல் பார்வையாளராக இருந்தவருக்கு, 'இதை நானே செய்தால் என்ன?' என்று ஒருநாள் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஒன்று இருக்கிறது. ஒளிப்பதிவாளர் பெரும்பாலும் படப்பிடிப்பு நெருங்கும்போது உள்ளே வந்து, முடிந்ததும் கிளம்பிவிடுகிறார். அதற்கு முந்தைய கதை எழுதும் மாதங்களும், பிந்தைய எடிட்டிங் மாதங்களும் அவருடைய வாழ்க்கையில் இல்லை. இயக்குநரின் பாதி வாழ்க்கை அங்கேதான் கழிகிறது.

சரி, கூத்தாருக்கு வருவோம். 1924இல் பாரிஸில் பிறந்தவர். வேதியியல் படிக்க ஆசை, வசதி இல்லை. புகைப்பட லேபில் வேலைக்குப் போனார். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு ராணுவத்தோடு இந்தோசீனாவுக்கு, அதாவது அப்போது பிரான்சின் ஆதிக்கத்தில் இருந்த வியட்நாம், லாவோஸ், கம்போடியா பகுதிக்குப் போனார். சுமார் பத்தாண்டுகள் அங்கேதான். போர்க்களத்தில் புகைப்படம் எடுத்தார். பத்திரிகைகளுக்கும் எடுத்தார். சினிமா அவர் திட்டத்திலேயே இல்லை.

அங்கே அவருக்குப் பழக்கமானவர் பியேர் ஷோண்டோர்ஃபர், ராணுவத்தின் சினிமா கேமராமேன். தியென் பியென் ஃபூவில் 1954இல் பிரெஞ்சுப் படை தோற்றபோது சிறைபிடிக்கப்பட்டவர்களில் இவரும் ஒருவர். விடுதலையான பிறகு ஆப்கானிஸ்தானில் ஒரு படம் எடுக்கக் கிளம்பிய ஷோண்டோர்ஃபர், கூத்தாரையும் கூப்பிட்டார். படப்பிடிப்பில் ஸ்டில்ஸ் எடுக்கும் வேலை என்று நினைத்துத்தான் கூத்தார் ஒப்புக்கொண்டாராம். போன பிறகுதான் சினிமா கேமராவே தன் பொறுப்பு என்று தெரிந்தது. அதுவும் சினிமாஸ்கோப். அதற்கு முன்னால் அவர் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை.

அந்தப் படத்தின் தயாரிப்பாளர் ழார்ழ் து போர்கார். சில ஆண்டுகள் கழித்து, விமர்சகராக இருந்து இயக்குநராக மாற நினைத்த ஓர் இளைஞருக்கு முதல் படம் கொடுத்தவரும் இவரே. அந்த இளைஞர்தான் கோதார். ஒளிப்பதிவுக்குக் கோதார் மனத்தில் வைத்திருந்தது வேறு ஆள். போர்கார் தந்தது கூத்தாரை. கட்டாயக் கல்யாணம்தான், ஆனால் உலக சினிமாவின் மிக நல்ல ஜோடிகளில் ஒன்று அப்படித்தான் அமைந்தது.

1959 கோடையில் பாரிஸில் எடுத்து 1960இல் வெளியான அந்தப் படம் 'பிரெத்லெஸ்' என்ற ஆங்கிலப் பெயரில்தான் நமக்கு அதிகம் தெரியும். கூத்தாரின் திறமை எது என்பது இந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடுகிறது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் படப்பிடிப்பு என்றால் பெரிய விளக்குகள், அவற்றைத் தூக்க ஆட்கள், ஒவ்வொரு ஷாட்டுக்கும் மணிக்கணக்கில் லைட்டிங். கோதார் இது எதுவும் வேண்டாம் என்றார். செய்திப்படம் எடுப்பதுபோல எடுக்க வேண்டும், தெருவில், உண்மையான அறைகளில், இருக்கிற வெளிச்சத்தில். பத்தாண்டுகள் போர்க்களத்தில் நின்று புகைப்படம் எடுத்தவருக்கு இது புது நிபந்தனையே இல்லை. போர்க்களத்தில் யாரும் உங்களுக்காக விளக்குப் போடுவதில்லை.

பகலில் சமாளித்துவிடலாம். இரவில்? குறைந்த வெளிச்சத்தில் படம் பதியும் அளவுக்கு அன்றைய சினிமா ஃபிலிம்களுக்கு உணர்திறன் கிடையாது. புகைப்படக்காரர்கள் பயன்படுத்திய இல்ஃபோர்ட் ஹெச்பிஎஸ் ஃபிலிமுக்கு அது இருந்தது. ஆனால் அது சினிமா நீளத்தில் கிடைக்காது, 17.5 மீட்டர் சுருள்களாகத்தான் வரும். 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் நிமிடத்துக்குச் சுமார் 27 மீட்டர் ஓடும். கணக்குப் போட்டால் ஒரு சுருள் 40 விநாடிகூட வராது. அதனால் சுருள்களை ஒன்றோடொன்று ஒட்டி நீளமாக்கினார்கள். அப்புறம் இன்னொரு சிக்கல். புகைப்பட ஃபிலிமின் ஓரத்துளைகளும் சினிமா ஃபிலிமின் ஓரத்துளைகளும் ஒன்றல்ல. எக்லேர் கம்பெனியின் கேமஃப்ளெக்ஸ் கேமரா மட்டும் இந்த ஃபிலிமை ஏற்றுக்கொண்டது. அந்தக் கேமராவோ பலமாகச் சத்தம் போடும், அதை ஓடவிட்டு வசனத்தைப் பதிவு செய்ய முடியாது. சரி, எல்லாவற்றையும் பிறகு டப்பிங் செய்துகொள்ளலாம் என்று முடிவானது. அதனால் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே கோதார் நடிகர்களுக்கு வசனத்தை உரக்கச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. படத்தின் அந்தத் தளர்வான, அப்போதைக்கப்போது தோன்றியதுபோன்ற பேச்சுக்கு ஒரு ஃபிலிம் சுருளின் ஓரத்துளையும் ஒரு காரணம் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. ஃபிலிமை லேபில் கழுவும்போது வேதியியல் கரைசலை மாற்றி, அதன் உணர்திறனை இரட்டிப்பாக்கினார்கள். 400 ஏஎஸ்ஏ (உணர்திறனைக் குறிக்கும் அளவு) என்று குறிக்கப்பட்ட ஃபிலிம் 800போல வேலை செய்தது. இதன் பொருள், முன்பு தேவைப்பட்டதில் பாதி வெளிச்சம் போதும். படத்தில் மணல் தூவியதுபோல் பொடிப்பொடியாகத் தெரியும், அவ்வளவுதான். வேதியியல் படிக்க ஆசைப்பட்ட பையனின் கனவு வேறு வழியில் நிறைவேறியது என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்டவாளம் போட நேரமும் இல்லை, பணமும் இல்லை. கூத்தார் கேமராவோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, நாற்காலியைத் தள்ளினார்கள். ஷான்ஸ் எலிசே சாலையில் நாயகி ஜீன் செபெர்க் நாளிதழ் விற்றுக்கொண்டு வர, நாயகன் ழான் போல் பெல்மோந்தோ கூடவே நடக்கும் காட்சி புகழ்பெற்றது. அதை எடுக்கும்போது கூத்தார் தபால்காரர்கள் தள்ளிக்கொண்டு போகும் வண்டிக்குள் ஒளிந்துகொண்டு, ஓட்டை வழியாகப் படம்பிடித்தார். சாலையில் போனவர்களுக்குப் படப்பிடிப்பு நடப்பதே தெரியாது.

பிறகு வந்த படங்களில் அவர் அடிக்கடி கையாண்ட எளிய உத்தி ஒன்றும் உண்டு. விளக்கை நடிகரின் முகத்துக்கு நேராக வைக்காமல் கூரையை நோக்கித் திருப்பிவிடுவது. கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அறை முழுக்க மென்மையாகப் பரவும். நடிகர் எங்கே நகர்ந்தாலும் வெளிச்சம் இருக்கும். 'இந்தக் கோட்டைத் தாண்டாதே, இருட்டாகிவிடும்' என்று அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. கேமராவும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பலாம். பார்ப்பவருக்கு இது வெறும் சாதாரண வெளிச்சமாகத் தெரியும். ஆனால் இயக்குநருக்கும் நடிகருக்கும் இது விடுதலை.

கூத்தாரின் மேதைமை என்று நான் நினைப்பது இதைத்தான். இயக்குநர் ஏதாவது அசாத்தியமாகக் கேட்டால், முடியாது என்று சொல்லாமல், அதற்கு மலிவான, வேகமான ஒரு வழி கண்டுபிடிப்பார். கேள்வி இன்னொருவருடையது, பதில் இவருடையது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

அடுத்த எட்டு ஆண்டுகளில் அவர் செய்த படங்களின் பட்டியல் மலைக்க வைக்கும். கோதாரோடு 'அல்ஃபாவில்', 'பியெரோ ல ஃபூ', 'வீக்எண்ட்' உட்படக் கிட்டத்தட்ட எல்லாமும். இன்னொரு இயக்குநர் த்ரூஃபோவோடு 'ஜூல் எ ஜிம்' உள்ளிட்ட நான்கு. ழாக் தெமியின் முதல் படம் 'லோலா'. 'வீக்எண்ட்' படத்தில் வரும் போக்குவரத்து நெரிசல் காட்சிக்காக மட்டும் சுமார் 300 மீட்டர் தண்டவாளம் போட்டார்கள். சக்கர நாற்காலியில் தொடங்கியவர்கள் எட்டே ஆண்டில் அங்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். அந்தப் படத்தோடு கோதாரும் கூத்தாரும் நீண்ட காலம் பிரிந்தார்கள். 1968க்குப் பிறகு கோதார் தீவிர இடதுசாரி அரசியலுக்குள் போனார். இந்தோசீனாவில் பிரெஞ்சுச் சீருடை அணிந்திருந்த கூத்தாருக்கு அந்தப் பக்கம் போக மனமில்லை.

1969இல் வெளியான கோஸ்தா காவ்ராஸின் 'இசட்' படத்தை அல்ஜியர்ஸில் ஒளிப்பதிவு செய்தார். அந்தப் படம் 1970இல் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கரை வென்றது. அதற்கு அடுத்த ஆண்டு அதே பிரிவில் போட்டியிட்ட படங்களில் ஒன்று கூத்தாரே இயக்கியது. படத்தின் பெயர் 'ஹோவா பின்'. வியட்நாமிய மொழியில் அமைதி என்று பொருள்.

முதல் படத்துக்கு அவர் போன இடம் வியட்நாம். பிரெஞ்சுக்காரர்கள் வெளியேறி, அமெரிக்கர்கள் வந்து, போர் உச்சத்தில் இருந்த நேரத்தில் அங்கேயே போய்ப் படமெடுத்தார். கதை ஒரு நாவலிலிருந்து எடுத்தது, மிக எளியது. ஒரு சிறுவன். அப்பா அமெரிக்கர்களை எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்ட் கெரில்லாப் படையான வியட்காங்கில் சேரப் போய்விடுகிறார். அம்மா நோயில் இறந்துவிடுகிறார். கையில் ஒரு குட்டித் தங்கச்சி. சைகோன் நகரத் தெருக்களில் அவளையும் சுமந்துகொண்டு அவன் எப்படிப் பிழைக்கிறான் என்பதுதான் படம்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒளிப்பதிவாளர் என்ற இடத்தில் கூத்தாரின் பெயர் இல்லை. அந்த வேலையை ழார்ழ் லிரோனிடம் கொடுத்துவிட்டார். பிரான்சின் மிகப் புகழ்பெற்ற ஒளிப்பதிவாளர், தன் சொந்தப் படத்தில் கேமராவை இன்னொருவர் கையில் கொடுத்தார் என்பது முதலில் கேட்கும்போது புதிராகத் தெரியலாம். யோசித்தால் நியாயம் புரியும். கேமராவில் கண் வைத்தவர் சட்டகத்தைப் பார்ப்பார். இந்தப் படத்தில் கூத்தார் பார்க்க வேண்டியிருந்தது, நடிப்பு என்றால் என்னவென்றே தெரியாத ஒரு சிறுவனை. இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பது கடினம்.

இவர் மட்டுமல்ல. புருனோ நுய்த்தன் என்று இன்னொரு பிரெஞ்சு ஒளிப்பதிவாளர், 'ழான் து ஃப்ளோரெத்' படத்தின் அந்தப் பொன்னிற மலைக்கிராமத்தைப் படம்பிடித்தவர். 1988இல் அவர் 'கமீல் க்ளோதெல்' என்ற சிற்பியின் வாழ்க்கையை இயக்கியபோது, ஒளிப்பதிவை பியேர் லோமிடம் கொடுத்தார். அந்தப் படம் பிரான்சின் சேசர் விருதுகளில் ஐந்தை வென்றது. சிறந்த படம் ஒன்று, சிறந்த நடிகை இசபெல் அஜானிக்கு ஒன்று, சிறந்த ஒளிப்பதிவுக்காக லோமுக்கு ஒன்று. தன் பழைய தொழிலுக்கான விருதைத் தன் படத்துக்காக இன்னொருவர் மேடையேறி வாங்கும்போது நுய்த்தனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் சில சமயம் கற்பனை செய்துபார்ப்பதுண்டு.

'ஹோவா பின்' படத்துக்கு 1970 கான் திரைப்பட விழாவில் சிறந்த முதல் படத்துக்கான பரிசு கிடைத்தது. பிரான்சில் ழான் விகோ பரிசும் கிடைத்தது. ஆஸ்கர் இத்தாலியப் படம் ஒன்றுக்குப் போய்விட்டது. ஒளிப்பதிவாளர் இயக்கிய படம் என்றதும் ஒவ்வொரு சட்டகமும் ஓவியம்போல் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இதில் அப்படி மினுக்கும் வேலை எதுவும் இல்லை. போர் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கிறது. நடுவில் இரண்டு குழந்தைகள். பத்திரிகைக்காகப் புகைப்படம் எடுத்த அந்தப் பழைய ஆள்தான் இந்தப் படத்தை இயக்கியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். இப்போது பார்ப்பவர்களுக்குச் சில இடங்கள் கண்ணீரை வலிந்து கேட்பதாகப் படலாம். அந்தக் குறை உண்மையே.

இவ்வளவு நல்ல தொடக்கத்துக்குப் பிறகு அடுத்த படம் உடனே வந்திருக்க வேண்டும் என்று நினைப்போம். வந்தது 1980இல். 'லா லெஜியோன் சோத் சூர் கோல்வெசி' என்ற அந்தப் படம், 1978 மே மாதம் ஜயர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கோல்வெசி நகரில் பிரெஞ்சு அயல்நாட்டவர் படை பாராசூட்டில் இறங்கிப் பிணைக்கைதிகளை மீட்ட சம்பவத்தைச் சொல்கிறது. படப்பிடிப்பு நடந்தது பிரெஞ்சு கயானாவில். மூன்றாவதும் கடைசியுமான படம் 1983இல் வந்த 'எஸ்ஏஎஸ் சான் சால்வதோரில்', ரயிலில் வாசித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுப்போகும் ரக உளவாளி நாவல் வரிசை ஒன்றிலிருந்து எடுத்தது. இரண்டையும் செய்நேர்த்தியான சாகசப் படங்கள் என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏன் இப்படி? என் கணிப்பைச் சொல்கிறேன். 'ஹோவா பின்' படத்தில் கேள்வியும் அவருடையதாக இருந்தது. தன் இளமையில் பத்தாண்டுகளை எடுத்துக்கொண்ட நாட்டில் இப்போது குழந்தைகள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்ற உந்துதல் அவருக்கு இருந்தது. பின்னால் வந்த இரண்டிலும் கேள்வி வேறு யாருடையதோ. ஒன்று செய்தித்தாளிலிருந்து, இன்னொன்று விமான நிலையப் புத்தகக் கடையிலிருந்து. அவற்றுக்கு வழக்கம்போல வேகமாக, சிக்கனமாக விடை கண்டுபிடித்துக் கொடுத்தார். ஒளிப்பதிவாளராக இருக்கும்போது அந்தக் குணம் மேதைமை. இயக்குநரின் நாற்காலியில் அது போதவில்லை.

இதில் ஒரு திருப்பம் இருக்கிறது. இயக்குநராக அவர் மங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஒளிப்பதிவாளராக மறுபடி எரிந்தார். பழைய நண்பர் ஷோண்டோர்ஃபர் 1977இல் எடுத்த 'ல க்ராப் தாம்பூர்' படத்துக்காக ஒளிப்பதிவுக்கான சேசர் விருது. அப்புறம் பதினைந்து ஆண்டுப் பிரிவுக்குப் பிறகு கோதார் கூப்பிட்டார். 1982இல் 'பாசியோன்', அடுத்த ஆண்டு 'ப்ரெனோம் கார்மென்'. முதல் படத்துக்குக் கானில் தொழில்நுட்பப் பரிசு, இரண்டாவதற்கு வெனிஸ் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கம்.

'பாசியோன்' கதையே ஒரு படப்பிடிப்பைப் பற்றியது. போலந்துக்காரரான ஓர் இயக்குநர் ரெம்ப்ராண்ட், கோயா, தெலக்ருவா போன்றவர்களின் ஓவியங்களை உயிருள்ள மனிதர்களை நிறுத்தி ஸ்டுடியோவில் படமாக்கப் பார்க்கிறார். ஆனால் எடுத்து முடிக்க மாட்டேன் என்கிறார். பணம் தீர்கிறது, தயாரிப்பாளர் தலையில் அடித்துக்கொள்கிறார், இயக்குநரோ வெளிச்சம் சரியில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். அந்த ஓவியக் காட்சிகளுக்கெல்லாம் உண்மையில் ஒளியமைத்தவர் கூத்தார். அவை திரையில் அற்புதமாக இருக்கின்றன. வெளிச்சத்தில் எந்தக் குறையும் இல்லை.

கடைசியில் இயக்குநர் ஃபிலிப் காரெலோடு மூன்று படங்கள். 2001இல் வந்த 'சொவாஜ் இனோசான்ஸ்' கருப்பு வெள்ளை. அப்போது அவருக்கு வயது எழுபதுகளின் பின்பாதி. 2016 நவம்பரில், 92 வயதில், தென்மேற்கு பிரான்சில் இறந்தார்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் 'பிரெத்லெஸ்' படத்தில் ஷான்ஸ் எலிசே காட்சியை ஒருமுறை பாருங்கள். பின்னணியில் நடந்துபோகிறவர்களின் முகத்தைக் கவனியுங்கள். சிலர் பெல்மோந்தோவைத் திரும்பிப் பார்ப்பார்கள். தபால் வண்டியை யாருமே கண்டுகொள்ள மாட்டார்கள். பிறகு 'ஹோவா பின்' கிடைத்தால் பாருங்கள். அங்கேயும் அதே மாதிரி ஒரு தெரு, அதே மாதிரி ஒரு கூட்டம். அண்ணனும் தங்கச்சியும் அதற்குள்ளே நடந்து போய்க்கொண்டிருப்பார்கள்.